கருப்பைவாய்ப் புற்றுநோய் முன்கண்டறிதல்: திண்டுக்கல் ஆய்வும் திருச்சிராப்பள்ளி ஊரகப் பெண்களும்

முன்னுரை

திருவரங்கம் என்றவுடன் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவும் அரங்கநாதர் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளும் நினைவில் எழும். வருவாய்த் துறைக் கணக்கில் திருவரங்கம் வட்டம் அத்தீவோடு முடிவதில்லை. காவிரியின் தென்கரையில் ஜீயபுரம், பெட்டவாய்த்தலை எனத் தொடரும் வாழைத் தோட்டத்து ஊர்களும், தெற்கே மணிகண்டம், இனாம்குளத்தூர் எனப் பரவும் வானம் பார்த்த ஊர்களும் அதனுள் அடங்கும். இவ்வூர்களில் நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று உழைக்கும் முப்பது வயதைக் கடந்த பெண்களே கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு முதன்மையாக உரியவர்கள். அப்பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சில நிமிடங்களில் முடிந்தும் விடுகிறது.

ஆயினும் பரிசோதனை செய்துகொண்டோர் சிலரே. தேசியக் குடும்பநல ஐந்தாம் ஆய்வின்படி (2019–21), 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களுள் வாழ்நாளில் ஒருமுறையேனும் இப்பரிசோதனையைச் செய்துகொண்டோர் 1.9 விழுக்காட்டினர். தமிழ்நாட்டில் அது 9.8 விழுக்காடு. பிற மாநிலங்களோடு ஒப்பிட இது உயர்ந்த எண்ணே. ஆனால் பத்தில் ஒன்பது பெண்கள் இன்னும் வெளியே நிற்கின்றனர் என்பதும் அதே எண்ணின் பொருள்தான்.

முன்கண்டறிதல் பற்றிய பேச்சு பெரும்பாலும் எந்தப் பரிசோதனை சிறந்தது என்ற வினாவையே சுற்றி வருகிறது. வினிகரா, பாப் சோதனையா, எச்.பி.வி. மரபணுச் சோதனையா என்ற ஒப்பீடு தேவையானதே. எனினும் தமிழ்நாட்டு ஊர்களிலேயே நடந்த மிகப்பெரிய ஆய்வின் எண்களை வரிசையாகப் படித்தால், கருவியின் குறையினும் கருவிக்கு முன்னும் பின்னும் பெண்கள் நழுவும் இடங்களே பெரியவை எனத் தெரியவரும். திருச்சிராப்பள்ளிக்குத் தென்மேற்கே மணப்பாறை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது அவ்வாய்வு. பயிர்முறை, கூலிமுறை, குடும்ப அமைப்பு ஆகியவற்றில் திருச்சியின் மானாவாரி ஒன்றியங்களோடு அம்மாவட்டம் பெரிதும் ஒத்திருப்பதால், அதனை அளவுகோலாகக் கொண்டு திருச்சி ஊரகப் பகுதியை நோக்குவது பொருந்தும்.

நோய் தோன்றும் முறை

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் மனிதப் பாப்பிலோமா வைரசுக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசன் நிறுவினார். அவருடைய குழுவினர் 1983இல் எச்.பி.வி. 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டில் 18ஆம் வகையையும் புற்றுக் கட்டிகளில் இனங்கண்டனர். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலக அளவில் இந்நோயின் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இவ்விரு வகைகளே காரணம்.

பாலுறவின் வழியாகத் தொற்றும் இவ்வைரசு மிகப் பரவலானது. தொற்று ஏற்பட்ட பெண்களில் பெரும்பாலோரின் உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே அதனை அகற்றிவிடும். அகலாமல் தங்கிவிடும் சிலரிடமே தொல்லை தொடங்குகிறது. வைரசின் ஈ6, ஈ7 என்னும் புரதங்கள், உயிரணுவின் கட்டற்ற பெருக்கத்தைத் தடுத்து நிற்கும் இரு காவல் புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. அதன்பின் கருப்பைவாயின் மேல்தோலில் முன்புற்று மாற்றங்கள் தோன்றிப் புற்றாக முதிர வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. போன்றவற்றால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் இக்கால அளவு 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கலாம்.

வேறெந்தப் புற்றுநோயும் இத்துணை நீண்ட அவகாசத்தை எளிதில் தருவதில்லை. மாற்றம் தோன்றும் இடமோ கண்ணுக்கு எட்டக்கூடியது; தொடக்க நிலையில் அகற்றுவதற்கு அறுவை அரங்கும் வேண்டுவதில்லை. இருந்தும் 2022இல் உலகில் ஏறத்தாழ 3,50,000 பெண்கள் இந்நோயால் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் 94 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் மட்டும் அவ்வாண்டின் இறப்பு மதிப்பீடு ஏறத்தாழ 80,000.

அம்பிளிக்கை எண்கள்

ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள அம்பிளிக்கையின் கிறித்தவச் சமூகநல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. மருத்துவ நிறுவனம், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை இணைந்து 2000ஆம் ஆண்டில் இவ்வாய்வைத் தொடங்கின. திண்டுக்கல் மாவட்டத்தின் 114 ஊர்த்தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களை ஒருமுறைப் பரிசோதனைக்கு அழைத்தனர். எஞ்சிய 57 தொகுதிகள் கட்டுப்பாட்டுக் குழுவாயின. முடிவுகள் 2007இல் லான்செட் இதழில் வெளியாயின.

கையாண்ட முறை மிக எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து வெறுங்கண்ணால் நோக்குவர். சமையலறை வினிகரின் புளிப்புக்குக் காரணமானதும் இவ்வமிலமே. இயல்பு மாறிய திசு வெண்மையாகத் தெரியும். ஆய்வகமோ நுண்நோக்கியோ வேண்டா. விடை அங்கேயே கிடைக்கும். இதனைச் செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற செவிலியர்கள். வெண்மை கண்டவிடத்துக் கால்போஸ்கோப் கொண்டு பெரிதாக்கிப் பார்த்தலும், திசு எடுத்தலும், தகுதியுடையோர்க்கு உறைகுளிர்ச் சிகிச்சை அளித்தலும்கூட அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டன. உறைகுளிர்ச் சிகிச்சையில் குளிர்ந்த உலோக முனையால் மாறிய திசுவை மூன்று நிமிடம் உறைய வைத்து, ஐந்து நிமிடம் இளகவிட்டு, மீண்டும் மூன்று நிமிடம் உறைய வைப்பர்.

அழைக்கப்பட்ட பெண்கள் 49,311. வந்தவர்கள் 31,343, அதாவது 63.6 விழுக்காட்டினர். வெண்மை காணப்பட்டவர்கள் 3,088. அவர்களுள் 3,052 பேருக்குக் கால்போஸ்கோப் நோக்கல் நடந்தது. 2,539 பேரிடம் திசு எடுக்கப்பட்டது. முன்புற்று மாற்றம் உறுதியானவர்கள் 1,874. சிகிச்சை பெற்றவர்கள் அவர்களுள் 72 விழுக்காட்டினர்.

இவ்வரிசையில் நோக்கத்தக்கது இழப்பு நிகழும் இடம். பரிசோதனைக்கும் கால்போஸ்கோப் நோக்கலுக்கும் இடையே தவறியவர்கள் 36 பேர் மட்டுமே. அதே நாளில், அதே இடத்தில், அதே செவிலியர் அதனைச் செய்ததே காரணம் எனலாம். முதல் வாயிலிலோ 17,968 பேர் வரவே இல்லை. கடைசி வாயிலில், நோய்க்குறி உறுதியான பின்னும், நான்கில் ஒருவருக்கு மேல் சிகிச்சையின்றிப் போயினர். உறுதியான மாற்றங்களில் பெரும்பாலானவை தாழ்நிலையின. அவற்றுள் பல தாமே மறையக்கூடியவை என்பதால் விடுபட்ட அனைவரும் ஆபத்தில் இருந்தனர் என்று கொள்ளுதல் மிகையாகும். ஆனால் விடுபட்டோருள் எவரிடம் மாற்றம் மறையும், எவரிடம் முதிரும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை.

இத்தனை கசிவுகளுக்கும் இடையே, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட எண்கள் இவை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை, வினிகரும் விளக்கொளியும் கொண்டு செய்த சோதனைக்கு இது சிறிய பயனன்று.

ஒரே முறை, இரு விளைவு

மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1999இல் தொடங்கிய மற்றோர் ஆய்வு 1,31,746 பெண்களை உட்கொண்டது. 52 ஊர்த்தொகுதிகளை நான்காகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு எச்.பி.வி. சோதனை, ஒன்றுக்குப் பாப் சோதனை, ஒன்றுக்கு வினிகர்ச் சோதனை எனவும், ஒன்று கட்டுப்பாட்டுக் குழு எனவும் வகுத்தனர். எட்டு ஆண்டுத் தொடர்நோக்கின்பின் 2009இல் வெளியான முடிவுகளில், எச்.பி.வி. சோதனைப் பிரிவில் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. பாப் சோதனையோ வினிகர்ச் சோதனையோ இறப்பைத் தெளிவாகக் குறைத்ததாக அங்குக் காணப்படவில்லை. மேலும், 'நோய் இல்லை' என்ற விடை பெற்ற பெண்களிடையே பின்னர்ப் புற்றுநோய் தோன்றிய வீதம், மற்ற இரு சோதனைகளில் எச்.பி.வி. சோதனையினும் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது.

அப்படியானால் திண்டுக்கல்லில் பயன் தந்த வினிகர் உஸ்மானாபாத்தில் ஏன் தரவில்லை? மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாட்டா நினைவு மையம் நடத்திய மூன்றாவது ஆய்வில், ஈராண்டுக்கு ஒருமுறை செய்த வினிகர்ச் சோதனை இறப்பை 31 விழுக்காடு குறைத்தது என்பதும் இவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. வினிகர்ச் சோதனை கண்ணையும் கையையும் நம்பியது. அழற்சியின் வெண்மையையும் முன்புற்றின் வெண்மையையும் பிரித்தறிதல் பயிற்சியால் வருவது. பயிற்சி தளர்ந்தால் தளர்வது. வயதும் குறுக்கிடுகிறது: மாதவிடாய் நின்ற பின்னர், மாற்றம் தோன்றும் வளையம் கருப்பைவாயின் உட்பகுதிக்குள் சென்றுவிடுவதால் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே திண்டுக்கல் முடிவை வினிகரின் வெற்றி என்று படிப்பதைவிட, நன்கு பயிற்றப்பட்டுத் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட செவிலியர் அணியின் வெற்றி என்று படிப்பதே சரி. அவ்வணி இல்லாத இடத்திற்கு வினிகரை மட்டும் அனுப்பினால் அதே பயன் வரும் என எதிர்பார்த்தல் இயலாது.

கட்டுப்பாட்டுக் குழுவின் பெண்கள்

இவ்வெண்கள் பெறப்பட்ட விதம் குறித்த ஒரு கண்டனத்தையும் ஆய்வாளர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அமெரிக்க நோயியல் மருத்துவர் எரிக் சூபா 2014இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் எழுதிய கட்டுரையில், மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய மூன்று ஆய்வுகளிலும் சேர்த்து 1,38,624 பெண்கள் பரிசோதனை வழங்கப்படாத குழுக்களில் வைக்கப்பட்டனர் என்றும், அவர்களுள் குறைந்தது 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தனர் என்றும் சுட்டினார். முன்கண்டறிதல் உயிர் காக்கும் என்பது பிற நாடுகளில் பல பத்தாண்டுகளாக அறியப்பட்டிருக்க, பரிசோதனையே அற்ற ஒரு குழுவை வைத்து ஒப்பிட்டது முறையா என்பது அவர் வினா. அவ்வூர்களில் அன்று வழங்கிய 'வழக்கமான மருத்துவம்' என்பதே பரிசோதனை இல்லாமைதான், அதனையே ஒப்பீட்டுக்குக் கொண்டோம் என்பது ஆய்வாளர் தரப்பு விடை.

இரு தரப்பிலும் பொருளுண்டு. எனினும் 'வழக்கமான மருத்துவம்' என்ற தொடர் ஒரு வறுமையை அளவுகோலாக மாற்றிவிடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. திண்டுக்கல்லின் கட்டுப்பாட்டுக் குழுவில் 30,958 பெண்கள் இருந்தனர். அவர்களுள் 92 பேர் ஆய்வுக் காலத்தில் இந்நோயால் இறந்தனர். அழைக்கப்பட்ட ஊர்களில் இறந்தோர் 83 பேர். 35 விழுக்காடு என்ற எண் இவ்விரு இறப்புக் கணக்குகளை வைத்துப் பெறப்பட்டது. அவ்வெண்ணைப் பெற்ற பின்னும் ஒரு மாநிலம் தன் பெண்களுள் பத்தில் ஒருவரையே பரிசோதித்திருக்கிறது என்றால், அந்த 92 பேருக்குப் பட்ட கடன் இன்னும் தீரவில்லை எனலாம்.

வாராதவர்கள் யார்?

திண்டுக்கல், உஸ்மானாபாத் ஆகிய இரு ஆய்வுகளிலும் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுத் தனிக் கட்டுரைகள் வெளிவந்துள்ளன. வந்தவர்கள் ஒப்பீட்டளவில் இளையவர்கள், ஓரளவேனும் படித்தவர்கள், கணவரோடு வாழ்பவர்கள், குடும்பக் கட்டுப்பாட்டு முறையைக் கையாண்டவர்கள். வேறு வகையில் சொன்னால், மகப்பேறு, கருத்தடை என்று ஏற்கெனவே மருத்துவமனை வாயிலை மிதித்துப் பழகியவர்கள். கைம்பெண்களும் ஐம்பதைக் கடந்தவர்களும் பின்தங்கினர். 'இனி எனக்கு எதற்கு அந்தச் சோதனை' என்ற எண்ணம் இவர்களிடம் இயல்பானது. நோய் முற்றி வெளிப்படும் வயதோ அதுவே.

மொழியும் இங்கே ஒரு தடை. நாட்பட்ட வெள்ளைப்படுதலையும் மாதவிலக்கு நின்றபின் தோன்றும் உதிரப்போக்கையும் உடற்சூடு எனக் கொண்டு மோர், வெந்தயம், இளநீர் என்று ஆற்றிக்கொள்வது தமிழ்நாட்டுப் பெண்களிடையே பரவலான வழக்கம். 'கருப்பைவாய்' என்ற சொல் சுவரொட்டியில் உண்டு, பேச்சில் இல்லை; பேச்சில் எல்லாம் 'கர்ப்பப்பை'தான். ஆகவே கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் பரிசோதனை அழைப்போடு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. நோயில்லாத நிலையிலேயே நோயைத் தேடுதல் என்ற கருத்துக்கும் பேச்சுத் தமிழில் நிலைத்த சொல் அமையவில்லை. 'செக்கப்' என்ற சொல்லே புழங்குகிறது. அது நோயாளிக்குச் செய்வது என்ற பொருளையே பெரிதும் தருகிறது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் நூலகத்திற்கு வெளியே நோக்க வேண்டிய துறைகளுள் இதுவும் ஒன்று.

திருச்சிராப்பள்ளி ஊரகத்தில்

தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின்கீழ் 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிய அரசுப் பரிசோதனைத் திட்டம், பின்னர் மாநிலம் முழுதும் விரிந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் களப்பணியாளர் வீட்டு வாயிலுக்கே செல்லும் நிலை வந்தது. 2023இல் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், பெண்களை முறையாக அழைத்துப் பரிசோதிக்கும் புற்றுநோய் முன்கண்டறிதல் திட்டம் தொடங்கிற்று. அரசுக்கு இதில் அக்கறை இல்லை என்று கூறுதல் இயலாது.

முப்பதாயிரம் மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது பொது நெறி. அம்மக்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 6,000 பேர் எனக் கொள்வோம். திருவரங்கம் வட்டத்தின் அத்தகைய ஒரு நிலையத்தில் திண்டுக்கல் வீதங்களே அமையும் எனக் கொண்டால், பரிசோதனைக்கு வருவோர் ஏறத்தாழ 3,800 பேர். வெண்மை காணப்படுவோர் 375 பேர் அளவில். முன்புற்று மாற்றம் உறுதியாவோர் 230 பேர் அளவில். சிகிச்சை பெறுவோர் 165 பேர். விடுபடும் 65 பேர் ஒரு செவிலியர் பெயர் சொல்லித் தேடிச் செல்லக்கூடிய தொகையே. தேடிச் செல்ல ஒரு பதிவேடும் அதற்கான நேரமும் அவருக்கு உண்டா என்பதே வினா.

இக்கணக்கும் நற்சூழலை எடுத்துக்கொண்ட கணக்கு. ஆய்வில் எல்லாம் ஒரே இடத்தில் ஒரே நாளில் நிகழ்ந்தன. நடைமுறையில் வினிகர்ச் சோதனை ஒரிடத்திலும், கால்போஸ்கோப் நோக்கல் மேல்நிலை மருத்துவமனையிலும் நிகழ்கின்றன. ஜீயபுரத்துப் பெண்ணுக்குத் திருச்சி புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை ஒரு பேருந்துத் தொலைவு. துறையூருக்கு மேலே பச்சைமலையில் வாழும் பழங்குடிப் பெண்ணுக்கோ மலையிறங்கித் துறையூர், அங்கிருந்து திருச்சி, அதே நாளில் திரும்பல் என்று ஒரு நாட்கூலி போய்விடும். திசு முடிவுக்கு இன்னொரு நாள், சிகிச்சைக்கு மற்றொரு நாள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கும். இழந்த கூலியை ஏற்பதில்லை.

எச்.பி.வி. சோதனை முதல் வாயிலை அகலமாக்கும் ஆற்றல் உடையது. பெண் தானே மென்துடைப்பியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். பிறர் முன் ஆடை நெகிழ்த்தும் கூச்சம் இல்லை. விடை 'இல்லை' என்றால் பல ஆண்டுகளுக்கு அடுத்த சோதனை வேண்டா; உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த இலக்கு, 70 விழுக்காட்டுப் பெண்களுக்கு 35 வயதிலும் 45 வயதிலும் இத்தகைய சோதனை என்பதே. ஆனால் முதல் வாயில் அகலும்போது கடைசி வாயிலில் நெரிசல் கூடும். திண்டுக்கல் ஊர்ப்புறத்தில் 1,891 பெண்களிடம் நடந்து 2005இல் வெளியான தனி ஆய்வில் 16.9 விழுக்காட்டினரிடம் எச்.பி.வி. காணப்பட்டது, மேலை நாடுகளைப் போல வயது ஏற ஏற அது தெளிவாகக் குறையவும் இல்லை. அதே வீதத்தில், மேற்சொன்ன சுகாதார நிலையத்தில் 3,800 பெண்களைச் சோதித்தால் 640 பேருக்கு மேல் 'உண்டு' என்ற விடை வரும். அவர்களுள் பலருக்குச் சிகிச்சையே வேண்டியிராது. வேண்டுவோரைப் பிரித்தறிய மீண்டும் ஒரு நோக்கல், மீண்டும் ஒரு பயணம்.

விடை அதே நாளில் வராது என்பது மற்றொரு சிக்கல். மாதிரி ஆய்வகம் சென்று முடிவு திரும்பும்போது அதனை யாரிடம் சொல்வது? பதிவேட்டில் உள்ள கைபேசி எண் பல வேளைகளில் கணவருடையது, அல்லது மகனுடையது. பாலுறவால் தொற்றும் வைரசு 'உண்டு' என்ற செய்தி முதலில் அவர்கள் காதில் விழுமாயின், ஒரு மருத்துவ முடிவு நடத்தை பற்றிய ஐயமாகத் திரியும். தொற்று பல ஆண்டுகள் மறைந்திருக்கக் கூடியது. எப்போது, எவர் வழியாக வந்தது என்பதை எந்தச் சோதனையும் கூறாது. இதனைச் சொல்லும் பொறுப்பு முடிவுத் தாளுக்கு உரியதன்று. நேரில் சென்று பேசும் கிராம சுகாதார செவிலியருக்கு உரியது. மின்கலத்தால் இயங்கும் கையடக்க வெப்பச் சிகிச்சைக் கருவிகள் இப்போது உள்ளன. ஒரு நிமிட அளவில் வேலை முடியும். உறைகுளிர்ச் சிகிச்சைக்குரிய கனத்த வாயு உருளையும் தேவையில்லை. அச்செவிலியர் முடிவைச் சொல்லும் நாளிலேயே துணை சுகாதார நிலையத்தில் அக்கருவியும் அதனைக் கையாளத் தெரிந்தவரும் இருந்தால், திண்டுக்கல்லில் 36 பேரை மட்டுமே தவறவிட்ட அந்த ஒரே நாள் ஒழுங்கு எச்.பி.வி. சோதனைக்கும் கிட்டும்.

தமிழ்நாடு அரசின் 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை 14 வயதுச் சிறுமியர்க்கு எச்.பி.வி. தடுப்பூசி வழங்க 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. அச்சிறுமியர் முப்பது வயதை எட்டும்போதுதான் அதன் முழுப்பயன் தெரியத் தொடங்கும். ஏற்கெனவே தொற்றுக்கு ஆளான அவர்தம் தாய்மார்க்கு அவ்வூசியால் பயனில்லை. ஊசிக்கு ஒப்புதல் கையெழுத்திட வரும் அத்தாய்மாரில் பெரும்பாலோர் 35க்கும் 45க்கும் இடைப்பட்டவர்கள்.